கடற்கரையில் காணாமற்போன சகோதரி

என் பெரியம்மா உரக்கப் பேசி நான் முதலில் கேட்டது ஒலிபெருக்கியில்தான். வீட்டில் அவர் குரல் அடுப்படியைத் தாண்டாது. பெரியப்பா இறந்தபின் கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு, ஊர் 'அல்லேலூயாக் கூட்டம்' என்று கேலி பேசிய ஓலைப்பந்தலுக்குப் போகத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தார். மைக்கைப் பிடித்த கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. புருஷனிடம் வாங்கிய அடி, வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றது, தூக்கம் பிடிக்காத ராத்திரிகள் எல்லாவற்றையும் நூறு பேர் முன்னால் சொன்னார். எனக்கு ஒன்பது வயது. பிற்காலத்தில் நான் விசுவாசி ஆகவில்லை. ஆனால் அந்த மைக்கை அவர் கையில் யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

பெந்தெகொஸ்தே எழுப்புதலின் கதையைப் பலரும் 1906, லாஸ் ஏஞ்சல்ஸ், அசுசா தெரு என்று தொடங்குகிறார்கள். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் அங்கே கூட்டம் நடத்தினார். அதற்கு ஓராண்டு முன்பே, பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ்ன் என்ற ஊரில், பண்டித ரமாபாயின் முக்தி இல்லத்தில் பஞ்சத்தில் அநாதையான சிறுமிகளும் குழந்தை விதவைகளும் ஆவியில் நிறைந்து அழுது ஜெபித்தார்கள். அதற்கும் முன்னால், 1860இல், நம் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பனின் சபைகளில் இதே போன்ற எழுப்புதல் ஒன்று நடந்தது. அதிலும் பெண்கள் வாய் திறந்தார்கள். முக்தியில் ரமாபாயோடு ஊழியம் செய்த மின்னி ஏப்ரம்ஸ், தான் கண்டதை 1906இல் சிறு நூலாக எழுதினார். அதன் பிரதி ஒன்று சீலே நாட்டில் இருந்த அவருடைய பழைய வகுப்புத் தோழிக்குப் போய்ச் சேர்ந்தது. 1909இல் அங்கே தொடங்கிய எழுப்புதலின் முன்கதையில் அந்தப் புத்தகமும் உண்டு. ஒரு பெண் தோழிக்கு அனுப்பிய புத்தகத்துக்குச் சபை வரலாறுகளில் பெரும்பாலும் அடிக்குறிப்புதான் கிடைக்கிறது.

அடிக்குறிப்புக்குள் அடங்காமல் போனவர் எய்மீ செம்பிள் மெக்ஃபெர்சன். கனடாவின் ஒன்டாரியோவில் 1890இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தாய் மின்னி கென்னடி இரட்சணிய சேனைக்காரர். பதினேழு வயதில் ராபர்ட் செம்பிள் என்ற ஊழியக்காரரின் பிரசங்கத்தைக் கேட்டார். அடுத்த ஆண்டு அவரையே மணந்து, 1910இல் மிஷனரியாக ஹாங்காங் போனார். சில மாதங்களில் கணவர் நோயில் இறந்தார். எய்மீக்குப் பத்தொன்பது வயது, நிறைமாதம். ஒரு மாதத்துக்குள் மகள் ரொபர்ட்டா பிறந்தாள்.

அமெரிக்காவுக்குத் திரும்பி ஹெரால்டு மெக்ஃபெர்சனை மணந்து, மகன் ரோல்ஃபைப் பெற்று, குடும்பப் பெண்ணாக இருக்கப் பார்த்தார். முடியவில்லை. உடலும் மனமும் குலைந்தன. அறுவைச் சிகிச்சைக்குப் பின் மரணத்தின் விளிம்பில் கிடந்தபோது, ஊழியத்துக்குப் போகிறாயா என்று ஒரு குரல் தன்னைக் கேட்டதாகப் பின்னாளில் எழுதினார். போகிறேன் என்று சொன்னதும் வலி குறைந்ததாம். 1915இல் பிள்ளைகளோடு வீட்டை விட்டு வெளியேறினார். மனநலத்தின் பாஷையில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம். என்னைக் கேட்டால், 1915இல் கணவன் வீட்டைவிட்டு வெளியேற ஒரு பெண்ணுக்குக் கணவனைவிடப் பெரிய ஒருவரின் அனுமதி தேவைப்பட்டது. ஹெரால்டும் சிறிது காலம் கூடவே அலைந்து பார்த்தார், பிறகு விலகிவிட்டார். 1921இல் விவாகரத்து.

1918இன் கடைசியில் தாயையும் இரண்டு குழந்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவைக் குறுக்கே கடந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து சேர்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் குணமாக்கும் கூட்டங்கள் நடத்திக் காணிக்கை சேர்த்தார். 1923 ஜனவரி 1 அன்று எக்கோ பார்க்கில் ஏஞ்சலஸ் ஆலயம் திறக்கப்பட்டது, 5,300 இருக்கைகள். இரட்சகர், பரிசுத்த ஆவியால் அபிஷேகிப்பவர், குணமாக்குபவர், மீண்டும் வரப்போகும் ராஜா என்று இயேசுவின் நான்கு முகங்களைச் சொல்லும் ஃபோர்ஸ்கொயர் சபை அங்கே வேரூன்றியது. 1924இல் சொந்த வானொலி நிலையமும் வந்தது.

ஹாலிவுட் பக்கத்திலேயே இருந்தது. அதன் சூட்சுமம் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதிவேகமாகக் கார் ஓட்டியதற்கு ஒருமுறை போலீஸ் பிடித்தது. உடனே போக்குவரத்துக் காவலர் உடையில், மோட்டார் சைக்கிளோடு மேடையேறி, பாவத்தின் சாலையில் பறப்பவர்களே நில்லுங்கள் என்று பிரசங்கித்தார். அரங்க அமைப்பு, வாத்தியக் குழு, விளக்குகள் எல்லாம் உண்டு. நாம் இதை நாடகம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் தெருக்கூத்தும் கதாகாலட்சேபமும் பார்த்து வளர்ந்த எனக்கு, பக்தி நாடகமாவதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

அவரைப் பெண்ணியவாதி என்று நான் அழைக்க மாட்டேன். பரிணாமக் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தார். மதுவிலக்கைத் தாங்கிப் பிடித்தார். பெண்கள் ஊழியம் செய்வதற்கு ஆதாரமாக அவர் உரிமையைப் பேசவில்லை, அழைப்பைத்தான் பேசினார். உரிமை கேட்டிருந்தால் அந்தக் கூட்டம் அவருக்கு மேடை தந்திருக்காது என்பதும் உண்மை.

1926 மே 18. காரியதரிசியோடு கடற்கரைக்குக் குளிக்கப் போன எய்மீ காணாமற்போனார். கடலில் மூழ்கிவிட்டார் என்றே எல்லோரும் நம்பினார்கள். அன்று இரவே தாய் மின்னி மேடையேறி, சகோதரி இயேசுவோடு இருக்கிறார் என்று அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் மணலில் காத்துக் கிடந்தார்கள். தேடப்போன முக்குளிப்பவர் ஒருவர் இறந்தார். துக்கம் தாங்காத இளம்பெண் ஒருத்தி கடலில் இறங்கி மாய்ந்தாள். ஐந்து வாரம் கழித்து, ஜூன் 23 அன்று, மெக்சிகோ எல்லையில் அக்வா பிரியெட்டா என்ற ஊரில் எய்மீ தோன்றினார். தன்னைக் கடத்திப் பாலைவனக் குடிசையில் அடைத்து வைத்தார்கள், தப்பி நடந்து வந்தேன் என்றார்.

நம்பியவர்கள் நம்பினார்கள். பத்திரிகைகளோ, வானொலி நிலையத்தில் வேலை பார்த்த, மணமான பொறியாளர் கென்னத் ஆர்மிஸ்டனோடு கார்மெல் ஊரின் கடலோர வீடு ஒன்றில் அவர் தங்கியிருந்தார் என்று எழுதின. மாவட்ட அரசு வழக்கறிஞர் ஏசா கீஸ், பொய்ச் சாட்சியம் உருவாக்கச் சதி செய்ததாக எய்மீ மீதும் அவர் தாய் மீதும் வழக்குத் தொடுத்தார். மாதக்கணக்கில் அமெரிக்கா அவருடைய கூந்தலையும் கணுக்காலையும் உடுப்பையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. 1927 ஜனவரியில் வழக்கு கைவிடப்பட்டது. கீஸ் பின்னாளில் வேறொரு வழக்கில் லஞ்சக் குற்றத்துக்காகச் சிறை போனார்.

பாலைவனமா, கார்மெலா? இந்தக் கேள்விக்குள் என்னை அடைத்துக்கொள்ள விரும்பவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால் அதற்கு இரண்டு உயிர்கள் போயிருக்கின்றன; அதை லேசாகக் கடக்க முடியாது. ஆனால் ஆண் போதகனின் ஒழுக்கக்கேடு 'விழுந்தார், எழுந்தார்' என்று சாட்சியாகிவிடுகிற சபைகளை நானும் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு அந்தச் சாட்சி மேடை கிடைப்பதில்லை. ஐந்து வாரம் எங்கேயாவது யாருடைய கண்ணிலும் படாமல் இருக்க அந்தப் பெண்ணுக்கு ஆசை வந்திருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

அதே 1927இல் ஆலயத்தில் ஏழைகளுக்கான உணவு, உடைக் கிடங்கு திறந்தார். பொருளாதாரப் பெருமந்தம் வந்தபோது, எந்த மதம், எந்த நாடு, தகுதி உண்டா என்று கேட்காமல் கொடுத்தார்கள். நாடு கடத்தப்படுவோம் என்று அஞ்சி அரசு நிவாரணத்தின் பக்கமே போகாத மெக்சிகோ குடும்பங்கள் இங்கே வந்து வாங்கிக்கொண்டன. பின்னர் நடிகரான ஆண்டனி குயின் சிறுவனாக அந்த ஆலய வாத்தியக் குழுவில் சாக்ஸஃபோன் வாசித்தவர். அந்த நாட்களை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

வெளியில் கொடுத்த கை வீட்டில் தளர்ந்தது. கணக்கு வழக்கை இறுகப் பிடித்திருந்த தாயோடு பிணக்கு, தாய் விலகினார். 1931இல் மூன்றாவது திருமணம், 1934இல் அதுவும் முறிந்தது. வாரிசாக வளர்க்கப்பட்ட ரொபர்ட்டாவோடும் நீதிமன்றம் வரை போன சண்டை. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் சேர்ந்து எழுப்பிய சபை மகன் ரோல்ஃபின் கைக்குப் போனது. 1944 செப்டம்பர் 27 அன்று ஓக்லாந்தில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் எய்மீ தூக்க மாத்திரை அளவு மீறியதால் இறந்தார். தற்செயல் என்றது விசாரணை. ரோல்ஃப் 1988 வரை, 44 ஆண்டுகள், தலைவராக இருந்தார்.

பொறுமையான, ஆடம்பரமில்லாத நிர்வாகி அவர். சபை அவர் காலத்தில்தான் உலகமெங்கும் பரவியது; இன்று இலங்கை உட்பட 140க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. 2004இல் போலி முதலீட்டுத் திட்டங்களில் ஒரு கோடி டாலருக்கு மேல் இழந்ததையடுத்து அன்றைய தலைவர் பதவி விலகினார். அதை ஒரு தனி மனிதரின் தவறான நிர்வாகம் என்றார்களே ஒழிய, ஆண்களால் சபை நடத்த முடியாது என்று யாரும் முடிவுக்கு வரவில்லை. பெண்களை ஊழியத்துக்கு அபிஷேகம் செய்வதைச் சபை ஒருபோதும் நிறுத்தியதில்லை. ஆனாலும் எய்மீ காலத்தில் போதகர்களிடையே பெண்களுக்கு இருந்த விகிதம் பிறகு சரிந்தது. ஓலைப்பந்தல் கட்டடமாகி, கட்டடம் அறக்கட்டளையாகி, அறக்கட்டளைக்குச் செயலாளரும் பொருளாளரும் வந்து சேரும்போது பெண்கள் எங்கே போகிறார்கள் என்று நான் கலிஃபோர்னியாவுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பெரியம்மா போன ஓலைப்பந்தலும் கான்கிரீட் ஆனது. தரை போட மண் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் இறந்தபோது அடக்க ஆராதனை அங்கேதான் நடந்தது. மூன்று போதகர்கள் பேசினார்கள்; ஜெபவீராங்கனை என்றார்கள். பின்வரிசையில் வெள்ளைச் சேலைகளில் அவருடைய தோழிகள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நேரமாகிவிட்டது என்று மைக்கை அணைத்தார்கள். பெட்டியைத் தூக்கும் சமயம் அவர்களில் ஒருத்தி எழுந்து நின்று, மைக் இல்லாமலே, ரோஸம்மா என்னிடம் ஒருநாள் சொன்னாள் என்று ஆரம்பித்தார்.