லீவு கேட்காமலே கிடைக்கும் ஒரே நோய்

காய்ச்சல் அடிச்சா வீட்டுல படுக்கணுமா, இல்ல டோலோ 650 ஒண்ணைப் போட்டுட்டு வேலைக்குக் கிளம்பணுமா? இன்னைக்கு எபிசோடு இந்தக் கேள்வியைப் பத்திதான். மருத்துவ ஆலோசனை எதுவும் சொல்லப்போறதில்லை, அதுக்கு டாக்டர்கள் இருக்காங்க. மதுரையிலயும் சுத்துப்பட்டு ஊர்கள்லயும் உடம்பு முடியாதவங்க வீட்டுக்குள்ளேயே இருக்கிற வழக்கம் எப்படி இருந்தது, கோவிட் வந்து அதை என்ன பண்ணுச்சு, இப்போ என்ன மிச்சம்? இதைத்தான் பேசப்போறேன்.

2020 மார்ச் 25, அதிகாலை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒருவர் இறந்தார். தமிழ்நாட்டின் முதல் கோவிட் மரணம் அது. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். அதற்குப் பிறகு வந்த மாதங்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நோய் வந்த வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருமுனையில் தகர ஷீட்டை வைத்து அடைத்தார்கள். பால் பாக்கெட் வாங்கக்கூட அந்தத் தகரத்துக்கு மேல கையை நீட்டணும். மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்து நடந்தது, மக்கள் அதை போனில் பார்த்தார்கள். பெண்கள் வீட்டுலேயே தாலிச் சரடு மாத்திக்கிட்டாங்க. அழகர் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் வைகையில் இறங்கவில்லை. ஜூன் 24-ல் மதுரைக்கு மட்டும் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள், அதை ஜூலை பாதி வரைக்கும் நீட்டிக்கிட்டே போனார்கள்.

இப்போ அந்த ஸ்டிக்கரை மட்டும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "இந்த வீட்டுல நோய் இருக்கு, உள்ளே வராதே" என்று வாசலில் அடையாளம் வைப்பது நமக்குப் புதுசா? இல்லவே இல்லை. நம்ம ஊரில் அதுக்கு ரொம்பப் பழைய அடையாளம் ஒண்ணு உண்டு. வேப்பிலை.

அம்மை போட்ட வீட்டு நிலைப்படியில் வேப்பங்கொத்து செருகியிருந்தால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். யாரும் விளக்கம் கேட்க மாட்டாங்க. வாசல்ல நின்னு சத்தமா பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. விருந்தாளி வர மாட்டார். அந்த வீட்டுக்காரர்களும் கல்யாணம், துட்டி எதற்கும் போக மாட்டார்கள். வீட்டுல தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது. துணியை வெளுக்கப் போட மாட்டார்கள். உடம்பு அரித்தால் நகம் படாமல் வேப்பிலையால் தடவிக்கொள்ளணும். கொப்புளம் வாட ஆரம்பித்ததும், மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஒற்றைப்படை நாள் பார்த்து தலைக்கு ஊத்துவார்கள். மூணு தண்ணி ஊத்தின பிறகுதான் வெளியே நடமாட்டம். அப்புறம் தெப்பக்குளம் மாரியம்மனுக்கோ, சாத்தூர் பக்கம் இருக்கன்குடிக்கோ போய் நேர்த்திக்கடன்.

எனக்கு ஏழாவது படிக்கும்போது அம்மை போட்டது. எனக்காக வீட்டுல அத்தனை பேரும் உப்புச் சப்பில்லாத சாப்பாடு சாப்பிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலையில் ஒரு இளநீரைத் திண்ணையில் வச்சுட்டுப் போயிடுவாங்க. உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு அப்பா போய்ச் சொன்னது ஒரே வார்த்தை. ஒரு சார்கூட மெடிக்கல் சர்டிபிகேட் கேட்கலை.

இதில் கவனிக்க வேண்டியது மொழி. "அவனுக்கு அம்மை நோய்"னு சொல்ல மாட்டாங்க. "அம்மா வந்திருக்கா", "முத்து போட்டிருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. நோயாளி உடம்பில் தெய்வம் வந்து தங்கியிருக்கு என்பது நம்பிக்கை. ஆக ஒதுங்கி இருப்பது தண்டனை இல்லை, மரியாதை. எத்தனை நாள் என்பதற்கும் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு கிட்டத்தட்ட சரியும்கூட. சின்னம்மையில் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும், பெரும்பாலும் ஒரு வாரம். மூணு தண்ணி ஊத்தி முடிக்கவும் ஏறக்குறைய அந்த நாள் ஆகிவிடும். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாடியே தொற்று ஆரம்பித்துவிடும். வேப்பிலை செருகும்போது பக்கத்து பெஞ்ச் பையனுக்குப் போயிருக்கும்!

"பாத்தீங்களா, அந்தக் காலத்துலேயே நம்ம ஆளுங்க குவாரண்டைன் கண்டுபிடிச்சிட்டாங்க"ன்னு ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு 2020-ல் சுத்துச்சு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஏன்னா, இந்த வழக்கம் உருவானது சின்னம்மைக்காக மட்டும் இல்லை, பெரியம்மைக்காகவும்தான். பெரியம்மையின் கொடிய வகை வந்தால் பத்துப் பேரில் சுமார் மூணு பேர் இறந்துபோவார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண் போயிருக்கும். வேப்பிலை அதைத் தடுக்கவில்லை, தடுப்பூசிதான் தடுத்தது. உங்க தாத்தா பாட்டி கையைப் பாருங்க, காசு அளவுக்கு வட்டத் தழும்பு இருக்கும். அம்மை குத்தின அடையாளம் அது. அம்மை குத்த ஆள் வந்தால் பிள்ளைகளை ஒளித்து வைத்த வீடுகளும் உண்டு. அந்த ஒளித்தலை உடைக்கத்தான் 1970-களில் அரசு, பெரியம்மை நோயாளியைப் பற்றித் தகவல் கொடுத்தால் பரிசு என்று சுவரில் எழுதிப்போட்டது. கடைசியில் அது 1000 ரூபாய் வரை போனது. 1975 மே மாதம் அசாமில் கண்டறியப்பட்டதோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

அந்தத் தெரு யாருடைய தெரு என்பதையும் கேட்கணும். இளநீர் வைத்துவிட்டுப் போகிற பக்கத்து வீடு பெரும்பாலும் அதே சாதிக்காரர் வீடு. "தொடாதே, தள்ளி நில்" என்பதற்கு நம்ம ஊரில் வேறொரு வரலாறும் இருக்கு. மீனாட்சி கோயிலுக்குள் எல்லோரும் போக முடிந்ததே 1939 ஜூலையில்தான். அதனாலதான் "சமூக இடைவெளி" என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குச் சுருக்குன்னு பட்டது. "தனிநபர் இடைவெளி"ன்னு சொல்லுங்க என்று கேட்டார்கள்.

சரி, வேப்பிலை தெரு வைக்கும் அடையாளம். அரசு வைத்த அடையாளத்தின் கதை வேற. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியதும் பிரிட்டிஷ் அரசு அடுத்த வருஷமே தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. வீடு புகுந்து தேடினார்கள், நோயாளியைப் பிரித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். புனேயில் ஆத்திரம் முற்றி, பிளேக் அதிகாரி ராண்டைச் சுட்டே விட்டார்கள். 2020-ல் தமிழ்நாட்டு அரசு கையில் எடுத்ததும் அதே 1897 சட்டம்தான்.

மூணாவதா ஒரு வழியும் இருந்தது. அது நம்ம மாநிலத்தில் நடந்தது, உலகத்தையே மாற்றியது, ஆனா நம்மில் பல பேருக்குத் தெரியாது. 1950-களில் காசநோய் வந்தால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். தாம்பரம் சானடோரியம்னு இன்னைக்கும் ரயில்வே ஸ்டேஷன் பேர் இருக்கே, அந்த மாதிரி இடத்துக்கு. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாசக்கணக்கில் படுக்கை. ஆனா இருக்கிற நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே போதும்? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் கீமோதெரபி மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை வழிநடத்தினார். சுமார் 200 ஏழை நோயாளிகளை, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்கு, இன்னொரு பிரிவு அவரவர் வீட்டுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வு குறைவு, வீடோ நெரிசல். இருந்தும் 1959-ல் வெளிவந்த முடிவில், குணமானவர்கள் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. நோய் கண்டுபிடிக்கும் முன்பே வீட்டார் அதோடுதான் வாழ்ந்திருந்தார்கள், மருந்து தொடங்கியதும் தொற்றும் வேகமாகக் குறைந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூட ஆரம்பித்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இதில் பிடித்தது வேறொரு விவரம். மாத்திரையைக் கையில் கொடுத்து "போ"ன்னு விட்டுடலை. மையத்து ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணிப் பார்ப்பார்கள், சிறுநீரைச் சோதிப்பார்கள். நோயாளி வீட்டில் இருந்தார், மருத்துவம் அவர் வாசலுக்கு வந்தது.

அந்தக் காசநோய்க் காலத்தின் மிச்சம் ஒண்ணு மதுரையில் இருக்கு. திருப்பரங்குன்றம் தாண்டி தோப்பூர், ஆஸ்டின்பட்டி நெஞ்சக நோய் மருத்துவமனை. 2020-ல் அதுதான் கோவிட் வார்டு ஆனது. 2021 மே மாதம், ராஜாஜி மருத்துவமனையில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ்கள் காத்துக் கிடந்தபோது, தோப்பூரில்தான் 500 ஆக்சிஜன் படுக்கைகளை அவசரமா அமைத்தார்கள்.

நியாயமாச் சொன்னா, அரசும் தகரம் மட்டும் வைக்கலை. தெருத் தெருவா காய்ச்சல் முகாம் போட்டாங்க. தன்னார்வலர்கள் வீடு வீடா ஆக்சிமீட்டரோட வந்தாங்க. ஆனா மனசில் நின்னது தகரம்தான். 2020 ஏப்ரலில் கோவிட்டால் இறந்த டாக்டர் சைமனை அடக்கம் பண்ணவிடாமல் சென்னையில் ஒரு கும்பல் தாக்கியதே, அந்தப் பயம்தான் தகரத்துக்கு இந்தப் பக்கமும் இருந்தது. அம்மை வந்த வீட்டைப் பார்த்துக் கும்பிட்ட தெரு, கோவிட் வந்த வீட்டை போனில் படம் எடுத்தது. மதுரையில் ஒரு ஹோட்டல் 2020 ஜூலையில் மாஸ்க் வடிவத்தில் பரோட்டா போட்டது. சிரிப்பும் பயத்தின் ஒரு வகைதான்.

இன்னொரு பக்கம், எத்தனை நாள் வீட்டுல இருக்கணும் என்ற கணக்கு தேய்ந்துகொண்டே வந்தது. வீட்டுத் தனிமைக்கு 2020 மே மாதம் 17 நாள். ஜூலையில் 10 நாள். 2022 ஜனவரியில், ஓமிக்ரான் வந்தப்போ, 7 நாள். ஏப்ரலில் அழகர் மறுபடி ஆத்துல இறங்கினார். கூட்டம் அலை மோதியது, நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்றது. இன்னைக்குக் கணக்கு, அரை நாள்கூட இல்லை. இருமிக்கிட்டே மீட்டிங்குக்கு வர்றவர் பொறுப்பானவர்.

என் சித்தி மகன் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்ல இருக்கான். கடை பேர் வேண்டாம். ஓமிக்ரான் சமயத்துல அவனுக்கு டெஸ்ட் பாசிட்டிவ். காய்ச்சல்னு போன் பண்ணினான். சூப்பர்வைசர், "மாத்திரையப் போட்டுட்டு வாப்பா, பொங்கல் கூட்டம்"னார். லீவு போட்டா சம்பளம் கட். அரை மணி நேரம் யோசிச்சுட்டு மறுபடி போன் பண்ணினான். "அண்ணே, அம்மை போட்டிருக்குண்ணே."

அவ்வளவுதான். "ஏய், வராத வராத. தண்ணி ஊத்துன பெறகு வா. அந்தச் சம்பளத்த நான் மொதலாளிகிட்ட பேசிக்கிறேன்."

சித்திக்கு விஷயம் தெரிஞ்சதும் அவன் ஆறு நாள் திட்டு வாங்கினான். "ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லலாமாடா?" பரிகாரமா ரெண்டு எலுமிச்சம்பழத்தோட தெப்பக்குளத்துக்கும் கூட்டிட்டுப் போனாங்க.

கதையாச் சொன்னா சிரிப்பு வருது. ஆனா இதில் ஒரு கணக்கு இருக்கு. கோவிட்டுக்குக் கிடைக்காத ஒரு வாரம் அம்மைக்குக் கிடைக்குது. ஏன்னா அம்மைக்கு மாரியம்மன் சாட்சி. காய்ச்சலுக்குச் சாட்சி சட்டம்தான், அதை யாரும் கூப்பிடுறதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே, உடம்பு சரியில்லைன்னா வருஷத்துக்கு 12 நாள் வரை சம்பளத்தோட லீவு உண்டுன்னு சொல்லுது. தற்செயல் விடுப்பு 12 நாள் அது தனி. இ.எஸ்.ஐ.யில் இருக்கிற தொழிலாளிக்கு, தகுதிக்கான சந்தா கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். சித்தாள், கொத்தனார், மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குறவர், இவங்களுக்கு இந்த ரெண்டும் இல்லை. அவங்க காய்ச்சலோட வேலைக்குப் போறது அறியாமைன்னு எழுதுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வருது.

அதே கடைகள் சட்டத்தில் 2021 செப்டம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தாங்க. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போடணும்னு. என் தம்பி கடையில நாற்காலி வந்துடுச்சு, சும்மா பேருக்கு நாலு ஸ்டூல். அது சட்டம்னு அவனுக்குத் தெரியும், நியூஸ்ல பார்த்திருக்கான். 12 நாள் விஷயம் தெரியாது. போன மாசம் நான் சொன்னப்போ நம்பலை. "எங்கண்ணே போட்டிருக்கு? எத்தனாவது பிரிவு? அத அனுப்பி விடு"ன்னான். 25-ஆவது பிரிவுன்னு சொல்லி, அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். கடை ஆட்கள் இருக்கிற குரூப்ல போட்டிருக்கான். சூப்பர்வைசரும் அந்த குரூப்லதான் இருக்காராம். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு, இதுவரைக்கும் பதில் எதுவும் வரலை.