முதல் பாட்டு எழுதுவது எப்படி? தங்கச்சிமடம் கடற்கரை சொல்லித்தரும் பாடம் | டீன் ஏஜ் பாடலாசிரியர்களுக்கான வழிகாட்டி

கையில போன் இருக்கு. மனசுல ஒரு மெட்டு ஓடிக்கிட்டே இருக்கு. ஆனா முதல் வரி மட்டும் வர மாட்டேங்குது. பாட்டு எழுத ஆசைப்படும் பதின்ம வயதினர் பலரும் சொல்லும் பிரச்னை இதுதான்.

இதற்கு ஸ்டூடியோ வேண்டாம், கிட்டார் வேண்டாம், சினிமா வாய்ப்பும் வேண்டாம். பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் தங்கச்சிமடம் போன்ற கடலோர ஊர்களில், பாட்டுக்கான எல்லா அடிப்படையும் கரையிலேயே இருக்கிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பாட்டுக்கும் கவிதைக்கும் என்ன வித்தியாசம்?

கவிதையைக் கண்ணால் படிக்கலாம். பாட்டு வாயில் உட்கார வேண்டும். இதற்குச் சிறந்த உதாரணம் மீனவர்களின் அம்பா பாட்டு.

கரைவலை இழுக்கும்போதும், படகைத் தள்ளும்போதும் பாடப்படுவது அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் சேர்ந்து பதில் வரி பாடுவார்கள். அந்தப் பதில் வரி வரும்போதுதான் எல்லோரும் ஒன்றாக இழுப்பார்கள். அதாவது, வலையை இழுக்கும் நேரம்தான் வரியின் நீளம். வரி நீண்டால் வேலை கெட்டுவிடும்.

தமிழகக் கடற்கரையிலும், எதிர்க்கரையான இலங்கையின் வடக்குப் பகுதியிலும் இந்தப் பாட்டு மரபு உண்டு. எஞ்சின் வந்த பிறகு சேர்ந்து இழுக்கும் வேலை குறைந்தது, பாட்டும் குறைந்தது. இப்போது அதை முழுசாகப் பாடத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் தாத்தா, பாட்டி தலைமுறைதான்.

'தத்தகாரம்' என்றால் என்ன?

இசையமைப்பாளர் மெட்டு கொடுத்தால், பாடலாசிரியர் முதலில் வார்த்தை போட மாட்டார். 'தந்தன தான', 'தனனா தனனா' என்று மெட்டை அப்படியே அசைகளாக மாற்றிக்கொள்வார். இதுதான் தத்தகாரம். பிறகு, அந்த அச்சுக்குள் பொருந்தும் சொற்களைத் தேடுவார்.

பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, மெய்யெழுத்துக்கு அரை.

உதாரணமாக, மெட்டு 'தந்தன தான' என்று வைத்துக்கொள்வோம்.

- 'கிழக்குக் காற்று வீசுகிறது': அர்த்தம் சரி. ஆனா பாடிப் பாருங்க, நாக்கு தடுக்கும்.
- 'கொண்டலு வீச': கச்சிதமாக உட்காரும்.
- 'வந்தது மீனு': இதுவும் அதே அச்சு.

இரண்டையும் சேர்த்தால் உங்கள் முதல் இரண்டு வரி தயார். 'கொண்டல்' என்பது 'கொண்டலு' என்றும், 'மீன்' என்பது 'மீனு' என்றும் ஆனதைக் கவனித்தீர்களா? பேச்சு வழக்குதான் பல நேரம் மெட்டைக் காப்பாற்றும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வார்த்தைகளை எங்கே தேடுவது?

முதல்முறை எழுதுபவர்கள் பெரும்பாலும் செய்வது, கேட்ட சினிமா பாட்டில் இருந்த நிலா, உயிரே, கண்மணி போன்ற சொற்களை எடுத்து அடுக்குவது. அதைவிட, வீட்டில் புழங்கும் சொற்களை எழுதிப் பாருங்கள்.

கடலோரத்தில் காற்றுக்கே தனித்தனிப் பெயர் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கு என்றால் கொண்டல், மேற்கு என்றால் கச்சான், தெற்கு என்றால் சோளகம். தங்கச்சிமடம் மீனுக்கு மட்டுமல்ல, மல்லிகை நாற்றுக்கும் பெயர் பெற்ற ஊர். வலை வாடையும் பூ வாசமும் ஒரே தெருவில் வருகிறது என்றால், அதுவே ஒரு பல்லவிக்குப் போதும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதே நேரத்தில்தான் பள்ளிக்கு கோடை விடுமுறையும் வருகிறது. பெரியவர்கள் வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் அவர்களைப் பாடச் சொல்லி போனில் பதிவு செய்து வையுங்கள்.

எல்லை தாண்டியதாகக் கைதாகி இலங்கைச் சிறையில் இருக்கும் அப்பாவுக்காக, அண்ணனுக்காகக் காத்திருக்கும் வீடுகளும் இந்தக் கரையில் உண்டு. அதை எழுத நினைத்தால் 'சோகம்', 'கண்ணீர்' என்று தொடங்காதீர்கள். வாசலில் மடித்தபடியே கிடக்கும் வலையை எழுதுங்கள். கேட்பவருக்குத் தானாகப் புரியும்.

எதுகை, மோனை கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் இருந்தால் பாட்டு சீக்கிரம் மனதில் நிற்கும்.

- மோனை: முதல் எழுத்து ஒத்துவருவது. வலை, வள்ளம், வடம்.
- எதுகை: இரண்டாம் எழுத்து ஒத்துவருவது. கொண்டல், வண்டல், மண்டபம்.
- இயைபு: கடைசி எழுத்துகள் ஒத்துவருவது. அலை, வலை, விலை.

கடைசி மூன்று சொற்களைப் பாருங்கள். ஒரு மீனவக் குடும்பத்தின் ஒருநாள் கதையே அதில் இருக்கிறது.

பல்லவி, சரணம் எப்படிப் பிரிப்பது?

பல்லவி திரும்பத் திரும்ப வரும் பகுதி. அம்பாவில் எல்லோரும் சேர்ந்து பாடும் வரி போல, எளிதாக இருக்க வேண்டும். சரணம் கதை சொல்லும் பகுதி. முதல் பாட்டுக்கு 2 வரி பல்லவியும், 4 வரியில் ஒரு சரணமும் போதும்.

சின்ன வயசுல எழுதினா எடுபடுமா?

சுப்பிரமணியனுக்கு எட்டயபுரத்தில் 'பாரதி' பட்டம் கிடைத்தபோது வயது 11. கண்ணதாசன் 'கன்னியின் காதலி' படத்துக்கு முதல் பாட்டு எழுதிய 1949-இல் அவருக்கு வயது 22. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் மறைந்தது 29 வயதில். அதற்குள் அவர் எழுதியவை இன்றும் பாடப்படுகின்றன.

2021-இல் அறிவும் தீயும் பாடி வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஒலித்தது. அதன் பின்னணியில் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டியுடைய வாழ்க்கை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களில் ஏராளமானோர் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்து இறங்கியது ராமேஸ்வரத்தில்தான். பாட்டி சொன்ன கதை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

எழுதிய பாட்டு யாருக்குச் சொந்தம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் பாட்டைக் கொடுக்காதீர்கள்.

- 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எழுதிய வரிகள் எழுதிய உடனேயே உங்களுக்குச் சொந்தம். பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை.
- எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.
- 2012 சட்டத் திருத்தம் பாடலாசிரியர்களின் ராயல்டி உரிமைக்குப் பாதுகாப்பு தந்தது.
- 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. யாராவது கையெழுத்து கேட்டால் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள்.
- பயிற்சிக்காக சினிமா மெட்டில் எழுதுவது தவறில்லை. ஆனால் மெட்டு வேறொருவருக்குச் சொந்தம். அனுமதி இல்லாமல் அப்லோட் செய்தால் சிக்கல் வரலாம்.
- தேதியுடன் நோட்டில் எழுதி, உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். பின்னாளில் ஆதாரமாக உதவும்.

இன்றே தொடங்க என்ன செய்யலாம்?

1. மனதில் ஓடும் மெட்டை 'தன தன' என்று போனில் பதிவு செய்யுங்கள்.
2. உங்கள் தெருவில் மட்டும் புழங்கும் 10 சொற்களை எழுதுங்கள்.
3. அவற்றில் மெட்டுக்குப் பொருந்தும் ஒரு சொல்லில் பல்லவியைத் தொடங்குங்கள்.
4. சத்தமாகப் பாடுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தை மாற்றுங்கள்.
5. எழுதியதைக் காட்டாமல், இன்னொருவருக்குப் பாடிக் காட்டுங்கள். அவர் பல்லவியைத் திருப்பிப் பாடிவிட்டால் பாட்டு தேறிவிட்டது. இல்லையென்றால், நான்காவது படிக்குத் திரும்புங்கள்.