நித்திரையில் நின்ற மூச்சு

1820 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வந்து குடியமர்ந்தார். யாழ்ப்பாணத்து மேனாட்டு வைத்தியத்தின் வரலாற்றைச் சொல்வோர் அவ்வூரிலிருந்து தொடங்குவது அதனாலேயே. காய்ச்சலும் புண்ணும் கட்டியும் அவரை நாடி வந்திருக்கும். குறட்டையை நோயென்று கருதி எவரும் வந்திருக்கமாட்டார். அது நல்ல நித்திரையின் அடையாளம் என்றே உலகம் நம்பியது. இன்றும் பல வீடுகளில் அந்த நம்பிக்கை மாறவில்லை.

மூச்சின் ஒழுங்குக்கும் இருதயத்துக்கும் உறவுண்டென்பதை அக்கால வைத்தியர் சிலர் ஊகித்திருந்தனர். 1818 இல் டப்ளின் வைத்தியர் யோன் செயின் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்நோயாளியின் மூச்சு கால் நிமிடம் முற்றாக நிற்கும். பின் மெல்லத் தொடங்கி, விரைந்து பெருகி, மீண்டும் ஓய்ந்துவிடும். இருதயம் பழுதுற்றோரிடம் காணப்படும் மூச்சுமாற்றம் அது. குறட்டைக்காரரின் மூச்சுத்தடை வேறு.

ஸ்கடர் சென்னைக்குப் பெயர்ந்த 1836 இலேதான் டிக்கன்ஸ் தம் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலை வெளியிடத் தொடங்கினார். அதில் யோ என்னும் பருத்த பையன் வேலைக்கு நடுவே உறங்கிக் குறட்டை விடுவான். நாவலாசிரியர் கண்டதை வைத்தியர் காணாதது வியப்பன்று. அவர் பகலில் வந்து, விழித்திருக்கும் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்துச் செல்பவரல்லவா!

1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணாக்கரைப் பயிற்றி, உடற்கூற்றையும் இருதயத்தின் தொழிலையும் தமிழ் நூல்களில் தந்தார். அரிய தொண்டு அது. ஆயினும் நித்திரையில் மூச்சு நிற்பதைப் பற்றிய அதிகாரம் அப்போது எம்மொழியிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

1956 இல் அமெரிக்க வைத்தியர் பர்வெல் முதலானோர் இத்தகைய நோயாளி ஒருவரை விவரித்து, அந்நோய்க்குப் பிக்விக்கின் பெயரையே இட்டனர். சீட்டாட்டத்தில் வெல்லும் சீட்டுகள் கையிலிருந்தும் உறங்கிப்போனவர் அவர். எனினும் உண்மையான தடை தொண்டையில் இருப்பதை அவர்கள் காணவில்லை. 1965 இல் பிரான்சிலே கஸ்தோவும் தோழரும், ஜெர்மனியிலே யுங், கூலோ என்போரும் உறங்குவோரை இரவிலே பதிவுசெய்தபோதுதான் அது வெளிப்பட்டது.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது. மார்பு காற்றுக்காக வீணே இழுக்கிறது, இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, இருதயம் மெதுவாகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்ப, மூச்சு பீறிட்டு வர, இருதயம் குதித்தோடுகிறது. ஓரிரவில் இது நூற்றுக்கணக்கான முறை நிகழக்கூடும். இழுபடும் இருதய மேலறைகள் காலப்போக்கில் ஒழுங்கற்று நடுங்கத் தொடங்கலாம். 1983 இல் கில்மினோவும் தோழரும் 400 நோயாளரை இரவில் ஆராய்ந்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேரிடம் இருதயத் துடிப்பின் ஒழுங்கீனம் கண்டனர்.

1981 இல் சிட்னியில் கொலின் சலிவன், மூக்கின் வழியே காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் கருவியை அறிவித்தார். அதனால் மூச்சு சீர்ப்பட்டு, பகலுறக்கமும் நீங்கியது. இருதயத்தின் ஒழுங்கும் மீளுமா என்பது கடினமான வினா. துடிப்பைச் சீராக்கிய பின் ஓராண்டுக்குள் நோய் திரும்பியோர், மூச்சுத்தடைக்குச் சிகிச்சை பெறாதவருள் 82 வீதம், பெற்றவருள் 42 வீதம் என 2003 இல் மேயோ ஆய்வாளர் கூறினர். 2021 இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், ஐந்து மாதம் கருவியணிந்தும் அந்நடுக்கம் குறையவில்லை. உடற்பருமனும் இரத்த அழுத்தமும் உடன் கவனிக்கப்படவேண்டியவை என்பதையே இம்முரண் காட்டுகிறது.

கருவிகள் இத்தனை வந்தபின்னும், குறட்டை இடையில் நின்று மூச்சு திணறுவதை நோயாளி தாமாக அறியார். அதனால் வைத்தியர் அருகில் உறங்கும் மனைவியிடமே முதலில் கேட்கின்றார்.