கணக்கும் காற்றும்

இலங்கையின் வடமேற்குக் கரையிலே, ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளக் கடனீரேரியும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் இங்கே கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தனர். அவர்களுடைய பாய்க்கப்பல்களும் இக்கரை மீனவரின் தோணிகளும் நம்பியிருந்தது காற்றையே. சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று திசைக்கொரு பெயரிட்டுக் கடலோடிகள் அதனை அறிந்திருந்தனர். ஆயினும், காற்று எவ்வளவு வலிமை உடையது என்று கேட்டால், அதற்கு எண்ணாலன்றி விடை கூற இயலாது. அந்த எண்ணைக் கணக்கிட்டுப் பெறுவதா, கருவியால் அளந்து பெறுவதா?

கணக்கிட்டுப் பெற முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் பிறை றிச்சட்சன் என்பவர். முதலாம் உலகப் போரில், பிரான்சிலே காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் பணியில் இருந்தபோது, ஓய்வு நேரங்களில் கையாலேயே கணக்குப் போட்டார். 1910ஆம் ஆண்டு மே 20ஆம் திகதிய அவதானிப்புகளைக் கொண்டு, ஆறு மணி நேரத்தில் வளிமண்டல அமுக்கம் எவ்வளவு மாறியிருக்கும் என்று கணித்தார். 145 மில்லிபார் என்று விடை வந்தது. ஆனால் அன்று பாரமானியோ ஏறக்குறைய அசையாமல் நின்றிருந்தது!

றிச்சட்சன் இத்தோல்வியை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலிலே விரிவாக எழுதிவைத்தார். தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட காற்று, அமுக்க அளவுகள் தம்முள் இசைவின்றி இருந்தமையே பிழைக்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. வழி சரியே, புறப்பட்ட இடந்தான் தவறு. 1950இல் அமெரிக்காவின் எனியாக் என்னும் கணினி, ஒருநாள் வானிலையைக் கணிக்க ஏறக்குறைய ஒரு நாளையே எடுத்துக்கொண்டது. ஆயினும், அதன் விடைகள் உண்மை நிலையை ஓரளவு ஒத்திருந்தன.

அதே கணக்கு முறையின் வழித்தோன்றல்களுள் ஒன்று கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தது. 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் இலங்கையின் காற்று வரைபடத்தை வெளியிட்டது. நாட்டைச் சதுரக் கிலோமீற்றர்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் காற்று எவ்வளவு என்பதைக் கணினி கணித்தது. கற்பிட்டி முதல் மன்னார், யாழ்ப்பாணம் வரையிலான கரைப்பகுதி சிறந்த காற்றுவளம் உடையதெனக் காட்டிற்று.

கணினி காட்டியதை அப்படியே நம்பிப் பணம் இடலாமோ? காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் வலு எட்டு மடங்காகும். எனவே, வேகத்தில் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் வலுவில் நூற்றுக்கு இருபத்தேழு குறைந்துபோம். சிறுபிழை பெருநட்டமாகும். ஆகவேதான் உயர்ந்த கம்பம் நாட்டி, அதிலே காற்றுமானியைப் பொருத்தி, இரு பருவக்காற்றுகளும் வந்து போகும்வரை, ஓராண்டுக்குக் குறையாமல் அளப்பது மரபாயிற்று.

கருவியும் பிழைக்கலாம். தாழ்ந்த கம்பத்தைச் சுற்றித் தென்னை வளர்ந்துவிட்டாலோ, கட்டடம் எழுந்துவிட்டாலோ காற்று ஆண்டுக்காண்டு குறைவதுபோலத் தோன்றும். உண்மையிலே குறைந்தது காற்றன்று. கருவிக்கு எட்டும் காற்றே. இத்தகைய பொய்யான அளவைக் கணினியின் கணக்கு சில வேளைகளில் காட்டிக்கொடுக்கும். கணினி நாடு முழுவதையும் காணும், ஆனால் ஓரிடத்தின் நுட்பத்தைத் தவறவிடும். கம்பம் ஓரிடத்தை மட்டுமே காணும், ஆனால் அங்கே வீசியதைச் சொல்லும். இரண்டும் முரண்படும்போது, ஒன்றைத் தள்ளி மற்றதைக் கொள்வதிலும், முரண்பாட்டின் காரணத்தைத் தேடுவதே அறிவுடைமை.

2010ஆம் ஆண்டில், குடாநாட்டின் மாம்புரியிலே 10 மெகாவாட் வலுவுடைய காற்றாலை இயங்கத் தொடங்கிற்று. காற்றாலை தரும் ஒவ்வோர் அலகு மின்சாரமும் முன்னர் போட்ட கணக்கைச் சோதிக்கும் புதிய அளவீடாகும். சோழகம் எந்தக் கணக்குக்கும் கட்டுப்பட்டு வீசுவதில்லை. கணக்குத்தான் சோழகத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளல் வேண்டும்.