பாஸும் பொஸ்ஸும்: மேடைக்குக் கீழே இருக்கும் அறைக்காக ஒரு வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

வீட்டு வேலைக்கு வருகிறவரை ‘மேசன் பாஸ்’, ‘தச்சுப் பாஸ்’ என்று கூப்பிடுகிறோம். கந்தோரில் மேலதிகாரியை ‘பொஸ்’ என்கிறோம். இரண்டும் ஒரே சொல். ஒல்லாந்து மொழியில் ‘பாஸ்’ என்றால் தலைவர், எஜமான். ஒல்லாந்தர் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்கள். அவர்கள் போன பிறகும் அந்தச் சொல் தொழில் தெரிந்தவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டது. அமெரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தரிடமிருந்து அதே சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘பொஸ்’ ஆகி, பின்னர் நம் கந்தோர்களுக்கும் வந்து சேர்ந்தது.

சொல் ஒன்றுதான், மரியாதை இரண்டு. ஒருவருக்குக் கதிரை போடுகிறோம். மற்றவர் திண்ணையோரத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்கிறார். “படிக்காட்டி மேசன் வேலைக்குத்தான் போகணும்” என்று பிள்ளைகளை வெருட்டும் பேச்சு நம் ஊரில் பல வீடுகளில் கேட்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம் நமது பாடசாலை மண்டபத்தின் மேடைக்குக் கீழே இருக்கும் அறை. நாலு படி இறங்கிப் போகவேண்டும். உடைந்த மேசை, கால் போன கதிரை, பழைய கரும்பலகை, ஓடாத மின்விசிறி, பழுதான தையல் மெஷின் என்று வருடக் கணக்காகச் சேர்ந்த சாமான்கள் கூரைவரை கிடக்கின்றன. எல்லாவற்றையும் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு அறையைப் பூட்டிவைக்கலாம் என்பது ஒரு கருத்து. அதைப் பிள்ளைகளுக்கான வேலைத்தளமாக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் முடிவெடுக்க முன்னர், இப்படியான அறைகள் உலகத்திலும் நம் நாட்டிலும் என்ன செய்திருக்கின்றன என்று ஒருமுறை பார்ப்போம்.

லண்டனில் ரோயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிறுவனத்தின் கட்டடம் இன்றும் இருக்கிறது. மைக்கேல் ஃபரடே வேலை செய்த ஆய்வுகூடம் அதன் நிலக்கீழ்த் தளத்தில்தான் இருந்தது. அவர் ஓர் இரும்புக் கொல்லனின் மகன். பெரிய படிப்பு இல்லை. புத்தகம் கட்டும் கடையில் ஏழு வருடம் தொழில் பழகியவர். 1831ல் இரும்பு வளையத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி, காந்தத்தால் மின்சாரம் பிறப்பிக்கலாம் என்று அவர் காட்டினார். இன்று நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் லக்ஷபானவில் பிறந்தாலும் நுரைச்சோலையில் பிறந்தாலும் அதே தத்துவத்தில்தான் பிறக்கிறது. கம்பியைக் கையால் சுற்றத் தெரிந்த ஒருவருக்கே அது அகப்பட்டது.

நமக்குக் கிட்டிய உதாரணம் கல்கத்தாவில் இருக்கிறது. பிரசிடென்சி கல்லூரியில் விரிவுரையாளராக இருந்த ஜகதீஷ் சந்திர போஸுக்கு ஒழுங்கான ஆய்வுகூடம் கிடைக்கவில்லை. குளியலறையை ஒட்டிய ஒரு சின்ன அறைதான் கிடைத்தது. உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரைப் பழக்கி எடுத்துக் கருவிகளைச் செய்வித்தார். 1895ல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பி இல்லாமல் மின் அலையை அனுப்பித் தூரத்தில் இருந்த மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். அலைகளைச் சோதிக்க அவர் பாவித்த ஒரு கருவி, தாள்களுக்கிடையே ஈயத்தாள் செருகிய பழைய ரயில் நேரசூசிப் புத்தகம். இன்னொன்று முறுக்கிய சணல் நார். நம் மேடைக்குக் கீழே கிடக்கும் சாமானை விட அவை பெரிய சாமான்கள் இல்லை.

இவர்கள் தனி மனிதர்கள், மேதைகள் என்று சொல்லலாம். ஆனால் சாதாரணப் பிள்ளைகளுக்காக ஒரு நாடு இதைச் செய்து பார்த்திருக்கிறது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866ல் நாட்டுப்புறப் பாடசாலைகளில் ஆண் பிள்ளைகளுக்குக் கைவேலை கட்டாயப் பாடமாகியது. அதற்கு ‘ஸ்லொய்ட்’ என்று பெயர். பக்கத்து நாடான சுவீடனில் நேஸ் என்ற இடத்தில் ஒட்டோ சலொமோன் இதற்கென ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியே நடத்தினார். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே போய்ப் பழகினார்கள். தச்சர்களை உருவாக்குவது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. பொறுமை, கவனம், அளவு பிசகாமை, உழைப்பில் மரியாதை ஆகியவற்றைப் பிள்ளை பழகவேண்டும் என்பதே நோக்கம். முதலில் கத்தி, சின்னச் சாமான். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமானது. செய்த சாமான் வீட்டுக்குப் பயன்படவேண்டும். பிள்ளையின் வேலையில் ஆசிரியர் கை வைக்கக்கூடாது என்பதும் அவர்களின் விதி. பயிற்சிக் கல்லூரியில் இதைப் படித்த நாளிலிருந்து இந்தக் கடைசி விதி எங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

இந்தியாவில் 1937 ஒக்டோபரில் காந்தி வர்தாவில் ஒரு கல்வி மாநாட்டைக் கூட்டினார். கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதைச் சுற்றிக் கற்பிப்பதுதான் யோசனை. அதற்கான பாடத்திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டொக்டர் ஸாகிர் ஹுஸைன். அப்போது அவர் டில்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவை நடத்திக்கொண்டிருந்தார். 1967ல் இந்தியாவின் ஜனாதிபதியானார். ஒரு முஸ்லிம் கல்விமான், ஜேர்மனியில் கலாநிதிப் பட்டம் பெற்றவர், ராட்டையையும் உளியையும் வகுப்பறைக்குள் கொண்டுவர உழைத்தார். இரும்பை வளைத்துக் கவசம் செய்த தாவூத் நபியையும் தச்சு வேலை செய்த ஸகரிய்யா நபியையும் மதிக்கும் சமூகத்துக்கு இது புதிய யோசனை அல்ல.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் கைவேலைக் கல்வி பல தடவை வந்தது, பல தடவை போனது. ஏன் போனது என்பதைத்தான் நாம் கவனிக்கவேண்டும்.

முதலாவது, ஹந்தெஸ்ஸத் திட்டம். இலவசக் கல்வியின் தந்தை என்று நாம் போற்றும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர, கல்வி அமைச்சராக இருந்தபோது 1930களில் கிராமியக் கல்வித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார். கண்டிப் பக்கத்தில் இருக்கும் ஹந்தெஸ்ஸ என்ற ஊரின் பெயரால் அது அறியப்பட்டது. பயிர்ச்செய்கை, கைத்தொழில், சுகாதாரம் ஆகியவற்றோடு படிப்பை இணைக்கும் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் பட்டணத்துப் பிள்ளை ஆங்கிலம் படித்து உத்தியோகம் பார்க்க, கிராமத்துப் பிள்ளை மட்டும் மண்வெட்டி பிடிப்பதா என்ற சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. உயர்ந்த பாடசாலைகள் தங்கள் பிள்ளைகளின் கையில் உளியைக் கொடுக்கவில்லை.

இரண்டாவது, 1972. அதற்கு முதல் வருடம் ஏப்ரலில் தெற்கில் படித்த இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்தது. அதே 1971ல் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, இளைஞர்கள் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரத்தை எடுத்துச் சொன்னது. 1972 சீர்திருத்தத்தில் ‘தொழில் முன்னிலைப் பாடங்கள்’ வந்தன. அந்தந்த ஊரின் தொழிலே பாடமாகலாம். கரையில் மீன்பிடி, வேறு இடங்களில் மட்பாண்டம், மரவேலை, நெசவு. நம் ஊர் மூத்தவர்களிடம் ‘என்.சி.ஜி.ஈ.’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும், அல்லது சுளிக்கும். கருவிகள் போதவில்லை, பழக்கிய ஆசிரியர்கள் போதவில்லை, பெற்றோருக்கு நம்பிக்கை வரவில்லை. 1977ல் ஆட்சி மாறியது. என்.சி.ஜி.ஈ. போய்ச் சாதாரண தரம் திரும்பியது.

அதற்குப் பிறகு வாழ்க்கைத் தேர்ச்சி, செயன்முறை தொழில்நுட்பத் திறன்கள் என்று பெயர்கள் மாறி மாறி வந்தன. 2013ல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கியது. சாதாரண தரத்திலும் நிர்மாணம், இயந்திரம், மின்னும் இலத்திரனியலும் என்று தொழினுட்பப் பாடங்கள் இருக்கின்றன. பாடம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. ஆனால் வாளின் படத்தைக் கொப்பியில் வரைந்து பெயர் குறித்துவிட்டு, ஒரு பலகையையும் அறுக்காமல் பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் பல பாடசாலைகளில் காணலாம்.

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுக்கும் பாடம் ஒன்றுதான். கைவேலை ‘படிப்பு ஏறாத’ பிள்ளைகளுக்கு, அல்லது ஏழைப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கப்பட்ட இடத்திலெல்லாம் அது செத்துப்போனது. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று வைத்த பின்லாந்தில் கைவேலை இன்றும் பொதுப் பாடமாக இருக்கிறது, ஆண் பெண் இருபாலாருக்கும்.

கந்தளாய்க்கு இதில் தனிக் கதை உண்டு. 1960ல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு இங்கே சீனித் தொழிற்சாலை எழுந்தது. கரும்பு ஆலை என்றால் கொதிகலன், உருளைகள், பம்புகள், மோட்டார்கள். எது பழுதானாலும் அங்கேயே திருத்தவேண்டும். ஆகவே அப்படியான ஆலை சீனி செய்வதோடு தொழில் பழக்கும் இடமாகவும் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. அங்கே வேலை பழகிய பெரியவர்கள் இன்னும் நம் மத்தியில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். தாங்கியின் சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லக்கூடிய ஆட்கள். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு அதுவும் மௌத்தாகிவிடும். அதற்குள் நாலு பிள்ளைகளின் கைக்கு அதை மாற்றவேண்டும்.

சரி, அந்த அறையை என்ன செய்வது? குப்பை அறையிலும் வேலைத்தளத்திலும் இருப்பவை பெரும்பாலும் ஒரே சாமான்கள்தான். ஒன்றில் எது எங்கே என்று தெரியாது, மற்றதில் தெரியும். ஆகவே வாங்குவதை விட ஒழுங்குபடுத்துவதுதான் முதல் வேலை.

ஒரு நாள் சிரமதானத்தில் எல்லாவற்றையும் மைதானத்துக்கு எடுப்போம். மூன்று குவியல்: திருத்தக்கூடியது, பாகமாகப் பயன்படுவது, கழிப்பது. கழிப்பதை நினைத்தபடி விற்க முடியாது. அவை அரச சொத்து. இன்வென்டரிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, அதிபர் ஊடாக வலயத்துக்கு அறிவித்து, முறைப்படிதான் நீக்கவேண்டும்.

அடுத்தது ஈரம். மாரி மழையில் பள்ளத்து அறை வியர்க்கும், இரும்பு கறள் பிடிக்கும். வெளியே தண்ணீர் வழிந்தோடக் கான் வெட்டி, காற்றுப் போக எதிரெதிராக இரண்டு துவாரம் வைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். சாமான் எதுவும் நிலத்தில் படக்கூடாது. தட்டு அடித்து உயர்த்தவேண்டும்.

மின்சாரம் ட்ரிப் சுவிட்ச் ஊடாக மட்டும். பெயின்ற், தின்னர், பெற்றோல் அங்கே வைக்கக்கூடாது. வாசல் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் இறங்கக்கூடாது, படிக்கட்டில் எதுவும் வைக்கக்கூடாது.

வேலை மேசை கனமாக இருக்கவேண்டும், பிள்ளையின் முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். உடைந்த மேசைகளிலிருந்தே அதைச் செய்யலாம். ஒரு வைஸ், இரண்டு வாள், சுத்தியல், உளி, மூலைமட்டம், டேப், ஸ்குரூட்ரைவர் கட்டு, ஒரு மல்டிமீற்றர் இருந்தால் தொடங்கலாம். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் சுவர்ப் பலகையில் வரைந்து அதன் மேல் அதைத் தொங்கவிடவேண்டும். மணி அடிக்கும்போது வெறும் உருவம் தெரிந்தால் ஒரு கருவி திரும்பவில்லை என்று அர்த்தம். முதல் தவணையில் பிள்ளைகள் செய்யவேண்டியது பாடசாலையின் உடைந்த மேசை கதிரைகளைத் திருத்துவது. இரண்டு உடைந்த கதிரையிலிருந்து ஒரு முழுக் கதிரை வரும்.

எங்களுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, அந்த அறை பெண் பிள்ளைகளுக்கும் உரியது. தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பிள்ளை தைப்பதிலும் கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள். மற்றது, புள்ளி குறைந்த பிள்ளைகளை அனுப்பும் இடமாக அதை ஆக்கக்கூடாது. டொக்டராகப் போகும் பிள்ளையும் அங்கே ஒரு பலகையை நேராக அறுத்துப் பார்க்கவேண்டும். இதில் தவறினால் ஹந்தெஸ்ஸவுக்கும் 1972க்கும் நடந்ததுதான் நமக்கும் நடக்கும். இன்னும் பத்து வருடத்தில் கூரைவரை மறுபடியும் சாமான் ஏறியிருக்கும்.

காசு கேட்டு எழுதவில்லை. வரும் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல கருவி இருந்தால் சொல்லிவையுங்கள். ஆலையில், கராஜில், கட்டட வேலையில், வெளிநாட்டில் கை பழகிய பாஸ்மார் வாரத்தில் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளுக்குத் தந்தால் போதும். நீங்கள் வரும்போது பிள்ளைகள் எழுந்து நின்று ஸலாமும் வணக்கமும் சொல்லுவார்கள். ஆசிரியருக்குப் போடும் கதிரையே உங்களுக்கும் போடப்படும், இன்ஷா அல்லாஹ்.