தீர்ப்பு தொடாத வேலி: பிரேஸ்கேர்டில் வழக்கும் தோட்டக் கம்பனிகளின் ‘நடுநிலை’யும்

பிரேஸ்கேர்டில் வழக்கில் 1937 மே மாதம் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இலங்கையின் பேச்சுரிமை வரலாற்றுக்குத் தொடக்கமாகக் கொள்ளும் வாசிப்பு ஒன்று நம் துறையில் வேரூன்றியிருக்கிறது. அதில் மோதுவோர் இரு தரப்பினர் மட்டுமே: ஒருபுறம் தேசாதிபதி ஸ்டப்ஸ், மறுபுறம் லங்கா சமசமாஜக் கட்சியும் அதற்குத் துணைநின்ற அரசாங்க சபையும். தோட்டக் கம்பனிகள் ஓரமாக நிற்கின்றன. இலண்டன் சந்தையை நம்பிப் பிழைத்த நிறுவனங்கள் அரசியலிலிருந்து ஒதுங்கியிருக்க விரும்பியது இயல்புதானே என்று அவற்றுக்கு எளிதில் விலக்களிக்கப்படுகிறது. இந்த விலக்கை ஏற்க இயலாது என்பதே என் வாதம். வழக்கு மடுல்கலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முளைத்ததுதான். ஆனாலும் அது எதைத் தொடாமல் விட்டது என்பதைக் கேகாலையின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பார்க்கும்போதுதான் நன்கு புலப்படுகிறது.

முதலில் தீர்ப்பு. பிரேஸ்கேர்டில் ரெலுகஸ் தோட்டத்தில் துரைத்தனம் பழக வந்த ஆங்கில-ஆஸ்திரேலிய இளைஞர். தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, சமசமாஜக் கட்சி மேடைகளில் ஏறினார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்டத்தில் அவர் பேசினார். அம்மாதம் 22ஆம் திகதி, நாட்டைவிட்டு வெளியேறுமாறு தேசாதிபதியின் கட்டளை வந்தது. அவர் தலைமறைவானார், பிறகு பிடிபட்டார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸும் உடனிருந்த நீதியரசர்களும் அவரை விடுவித்தனர். அவர்கள் காட்டிய காரணத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1896ஆம் ஆண்டின் அரச கட்டளை தேசாதிபதிக்குத் தந்த நாடுகடத்தும் அதிகாரம் அவசரநிலைக்கு உரியது. அப்படியொரு நிலை இல்லாதபோது அதைப் பயன்படுத்த முடியாது. நீதிமுறைப்படி அன்றி ஒருவரின் தனிமனிதச் சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்பது மக்னா கார்ட்டா முதல் வரும் நெறி. தீர்ப்பின் முதுகெலும்பு இவ்வளவே. பிரேஸ்கேர்டில் என்ன பேசினார், தொழிலாளரிடம் அதைப் பேச அவருக்கு உரிமை உண்டா என்ற வினா தீர்ப்பின் தாங்குதூணாக எங்கும் இல்லை. சிறைப்பிடித்த கையின் அதிகாரம்தான் அங்கே அளக்கப்பட்டது. அந்தக் கை அரசாங்கத்தின் கை.

தன்முன் வந்த வினாவுக்கு மட்டுமே நீதிமன்றம் விடை சொல்லும் என்று எவரேனும் கூறலாம். உண்மைதான். குறை நீதியரசர்களிடம் இல்லை. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாக வாசித்தவர்களிடமே இருக்கிறது. நீதிமன்றத்தின் முன் வராத செயல் ஒன்று உண்டு. பேச்சுக்கான முதல் தண்டனையைத் தோட்டமே அளித்துவிட்டது. பிரேஸ்கேர்டிலைப் பணிநீக்கிய அந்தச் செயலை எந்த மன்றமும் ஆராயவில்லை. ஆராய வேண்டிய தேவையையும் எவரும் உணரவில்லை. அரசாங்க சபையில் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கொண்டுவந்த கண்டனப் பிரேரணை 34க்கு 7 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அதுவும் தேசாதிபதியையே குறிவைத்தது.

இங்கேதான் கேகாலை முக்கியமாகிறது. 1936இல் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பிய ருவன்வெல்லைத் தொகுதி இம்மாவட்டத்தின் இறப்பர்ப் பகுதியில் இருக்கிறது. அங்கே பால்வெட்டும் தொழிலாளரில் ஒரு சாரார் அயல் கிராமங்களிலிருந்து காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் சிங்கள மக்கள். மறுசாரார் லயத்தில் குடியிருக்கும் தமிழர். முன்னவர் வேலைக்குப் பின் ருவன்வெல்லைக் கடைத்தெருவில் சமசமாஜிகளின் பேச்சைக் கேட்கலாம், மறுபேச்சும் பேசலாம். பின்னவருக்கு வீடே கம்பனியின் நிலத்தில். லயத்துக்கு வரும் சங்கக்காரர் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுவார். அவரோடு பேசிய தொழிலாளியின் பெயர் தோட்டத்தின் பெயர்ப்பதிவான செக்ரோலிலிருந்து வெட்டப்படலாம், பெயர் போனால் கூரையும் போகும். இந்த ஏற்பாட்டில் தேசாதிபதி தலையிடத் தேவையே இல்லை. 1937இன் தீர்ப்பு இதில் ஒரு முளையையும் அசைக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் உயிரிழந்த பின்னரே, அவ்வாண்டு ஏழு அம்ச ஒப்பந்தத்தின் வழியே தொழிற்சங்கங்களுக்கு ஓரளவு அங்கீகாரம் கிடைத்தது. சட்ட நூல்களைவிட வேலைநிறுத்தமே வேலியை நகர்த்தியது.

ஆனால் சந்தை? வெளிநாட்டு வாங்குநரை இழக்க முடியாத நிறுவனம் தன் எல்லைக்குள் அரசியல் பேச்சை அடக்குவது தற்காப்பு என்பார்கள். இறப்பரைப் பொறுத்தவரை இந்த விளக்கம் நிற்காது. புகையூட்டிய ஷீற்றைத் தரம் பார்த்து வாங்குகிறார்கள். அது யட்டியாந்தோட்டையில் உருட்டியதா, தெரணியகலையில் உருட்டியதா என்று இலண்டன் வாங்குநர் கேட்பதில்லை. தோட்டப் பெயரிலேயே ஏலம் போகும் தேயிலைக்கு ‘நற்பெயர்’ என்ற வாதத்தை ஓரளவு பொருத்தலாம். பெயர் அழிந்து கலக்கும் சரக்குக்குப் பொருத்துவது எப்படி?

கம்பனிகள் உண்மையில் நடுநிலை வகித்தனவா என்பதையும் பார்ப்போம். விலைச்சரிவுக்குப் பின் 1933இல் தேயிலைக்கும் 1934இல் இறப்பருக்கும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள் வந்தன. ஏற்றுமதியை அரசே பங்கீடு செய்தது. இறப்பர்க் கூப்பன் நாட்டுப்புறத்திலும் புழங்கியது. அரசியலின் கைபிடித்துத்தான் சந்தை காப்பாற்றப்பட்டது. 1952 டிசம்பரில் சீனாவுடன் செய்த இறப்பர்-அரிசி உடன்படிக்கை இதைவிடத் தெளிவான சான்று. ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது அதன் சாரம். ஐக்கிய நாடுகளின் 1951ஆம் ஆண்டுத் தடையும் அமெரிக்காவின் அதிருப்தியும் இருந்தபோதிலும், உலகச் சந்தைக்கு மேலான விலை அதில் கிடைத்தது. சிவப்புக் கொடியை வாசலில் நிறுத்திய தோட்ட உலகத்தின் ஷீற், சிவப்பு நாட்டுக்குத் தடையின்றிக் கப்பலேறியது. இடையில் பதினைந்து ஆண்டுகளும் ஓர் உலகப் போரும் உள்ளன, ஒப்பீடு தளர்ந்தது என்று சொல்லலாம். என் கேள்வி, சந்தை நெருக்கடி கம்பனியை மௌனமாக்குமா என்பது மட்டுமே. அதற்கு இந்த ஒப்பீடு போதும்.

இன்று சந்தையின் திசையே மாறியிருக்கிறது. 2010இல் பறிபோய் 2017இல் திரும்பிய ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை, குடியியல் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை உட்பட 27 உடன்படிக்கைகளைப் பேணும்படி நாட்டைக் கேட்கிறது. 2023 முதல் நடைமுறையிலுள்ள ஜேர்மனிய வழங்கல் தொடர்ச் சட்டம், அங்குள்ள பெரிய நிறுவனங்களைத் தமக்குச் சரக்குத் தருவோரின் சங்க உரிமையையும் கவனிக்கச் சொல்கிறது. சந்தைக்காகவே மௌனம் என்ற வாதம் உண்மையாயின், இப்போது அதே சந்தைக்காகப் பேச்சு அனுமதிக்கப்பட வேண்டும். சான்றிதழ் ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் தொழிலாளி வாய்திறப்பதை அனுமதி என்று கொள்ள முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தின் நிலையோ 1937ஐ விட அதிகம் நகரவில்லை. 1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது. ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் விசாரிப்பது ஆட்சித்துறை அல்லது நிர்வாகச் செயலால் நேரும் மீறலை. தனியார் கம்பனியின் மனேஜர் அதற்குள் அடங்கார் என்பதே பொது விளக்கம். ஆயினும் 1992இல் முகாமைத்துவம் தனியாருக்குப் போனபோது நிலம் போகவில்லை. கேகாலைத் தோட்டங்களை நடத்தும் பிராந்தியக் கம்பனிகளும் அரசின் குத்தகைக்காரர்களே. அரச நிலத்தில் குடியிருக்கும் ஒருவரின் வாசலுக்கு யார் வரலாம் என்று குத்தகைக்காரர் தீர்மானிப்பது எந்த அளவுக்கு நிர்வாகச் செயல் ஆகும் என்ற வினாவை, பிரேஸ்கேர்டில் தீர்ப்பை மேற்கோள் காட்டித் திறக்க முடியாது. குத்தகை ஆவணங்களின் வாசகத்திலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.