வணக்கம் சொல்லாம வழி கேட்கக் கூடாது: சுவாஹிலியில் மரியாதையாக வழி கேட்பதும் சொல்வதும் எப்படி?

தான்சானியாவின் சான்சிபார் தீவில் உள்ள பழைய நகரம் ஸ்டோன் டவுன். கார் நுழைய முடியாத குறுகிய சந்துகள் நிறைந்த இடம் இது. புதிதாகப் போகிறவர்கள் சந்து மாறி அலைவது சகஜம். அங்கே கைகொடுப்பது சுவாஹிலியில் நாலு வார்த்தைதான்.

20 கோடிக்கும் மேற்பட்டோர் சுவாஹிலி பேசுவதாக யுனெஸ்கோ சொல்கிறது. ஜூலை 7 உலக சுவாஹிலி மொழி நாள். சென்னை ஐஐடி 2023-ல் சான்சிபாரில் வளாகம் திறந்த பிறகு, தமிழ்நாட்டுக்கும் அந்தத் தீவுக்கும் புதிய தொடர்பு உருவாகியிருக்கிறது.

'நீங்க' இல்லாத மொழி

தமிழில் 'போ' என்பதை 'போங்க' என்று மாற்றினாலே மரியாதை வந்துவிடும். சுவாஹிலியில் பொதுவாக அந்த வசதி கிடையாது. தாத்தாவிடம் பேசினாலும் தம்பியிடம் பேசினாலும் ஒருவர் என்றால் ஒரே 'நீ'தான். 'நெண்டேனி' என்றால் 'போங்க' என்றுதான் அர்த்தம். ஆனால் அது ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் சொல்வது.

அப்போ மரியாதையை எங்கே காட்டுவது? மூன்று இடத்தில்: முதலில் சொல்லும் வணக்கம், கூப்பிடும் உறவுமுறை, வினைச்சொல்லின் கடைசி எழுத்து.

முதலில் வணக்கம், பிறகுதான் கேள்வி

எடுத்த எடுப்பிலேயே "மார்க்கெட் எங்க?" என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். வயதில் மூத்தவரிடம் 'ஷிக்கமோ' என்று தொடங்க வேண்டும். 'உங்கள் கால்களைப் பற்றுகிறேன்' என்பது இதன் மூலப்பொருள் என்று சொல்வார்கள். அவர் 'மரஹபா' என்று பதில் சொல்வார். தான்சானியாவில் இது அன்றாட வழக்கம். கென்யாவின் உள்நாட்டுப் பகுதிகளில் இது குறைவு. அங்கே 'ஹபாரி' என்றாலே போதும். அதாவது, 'என்ன சேதி?'

கூடவே உறவுமுறை. தாத்தா வயதுக்காரர் 'பாபு', பாட்டி 'பிபி', அம்மா வயதுப் பெண் 'மாமா'. அக்கா, தங்கை வயது என்றால் 'டாடா', அண்ணன் என்றால் 'காக்கா'.

அடுத்து 'சமஹானி', அதாவது மன்னிக்கணும். பிறகு 'ந-ஓம்பா கூலிஸா', 'ஒண்ணு கேட்கணும், தயவுசெஞ்சு' என்கிற தொனி. இதற்குப் பிறகுதான் கேள்வி: "சோக்கோ லா டராஜானி லிக்கோ வாப்பி?" டராஜானி மார்க்கெட் எங்கே இருக்கு?

வழி சொல்பவர் எப்படிச் சொல்ல வேண்டும்?

'நெண்டா' என்றால் போ. 'பிண்டா' என்றால் திரும்பு. இரண்டுமே நேரடிக் கட்டளை. நண்பர்களிடம் சொல்லலாம். மூத்தவரிடமோ அறிமுகமில்லாதவரிடமோ சொன்னால் கொஞ்சம் வெடுக்கென்று இருக்கும். முன்னால் 'டஃபதாலி', அதாவது தயவுசெய்து, சேர்ப்பது ஒரு வழி.

இன்னொரு வழி வினையின் முடிவை மாற்றுவது. 'பிண்டா' என்பது 'உப்பிண்டே' ஆகும். கடைசியில் 'ஆ' போய் 'ஏ' வந்ததும், 'திரும்பு' என்பது 'நீங்க திரும்பினா சரியா இருக்கும்' என்ற அளவுக்கு இளகிவிடும்.

ஒரு முழு பதில் இப்படி இருக்கும்: "உ-எண்டே மோஜா க்வா மோஜா, உக்கிஃபிக்கா ம்சிக்கிட்டினி, உப்பிண்டே குலியா." நேரா போய், மசூதி வந்ததும் வலது பக்கம் திரும்பணும்.

சோத்துக்கை பக்கம்

வலது பக்கத்துக்கு 'குலியா'. 'சாப்பிட உதவுவது' என்பதே இதன் பொருள். நம்ம ஊரில் 'சோத்துக்கை பக்கம்' என்று சொல்வோமே, அதேதான். இடது பக்கத்துக்கு 'குஷோட்டோ'.

சொல்லின் கடைசியில் 'னி' வந்தால் பெரும்பாலும் '-இல்' என்று இடத்தைக் குறிக்கும். டராஜானி என்றால் 'பாலத்தில்', கடற்கரைப் பூங்கா இருக்கும் ஃபொரொதானி என்றால் 'சுங்கச்சாவடியில்'.

தான்சானியாவில் பஸ் ஸ்டாண்டுக்கு 'ஸ்டெண்டி'. ரவுண்டானாவுக்கு 'கிப்பிலெஃப்டி'. 'கீப் லெஃப்ட்' என்ற போர்டைப் பார்த்துப் பிறந்த சொல் இது.

வழி தெரியாவிட்டால்?

தெரியாமல் கையைக் காட்டி அனுப்பிவிடுவதுதான் பெரிய மரியாதைக் குறைவு. "சமஹானி, சிஜூயி" (மன்னிக்கணும், எனக்குத் தெரியாது) என்று சொல்லிவிடலாம். "மிமி நி ம்கேனி" என்றால் 'நான் ஊருக்குப் புதுசு'. வெளியூர்க்காரருக்கும் விருந்தாளிக்கும் சுவாஹிலியில் ஒரே சொல், 'ம்கேனி'.

வழி தவறி அலைந்து வந்தவரிடம் 'போலே' என்று சொல்ல வேண்டும். இது மன்னிப்பு இல்லை, 'அடடா, சிரமப்பட்டுட்டீங்களே' என்ற ஆறுதல்.

நேரத்தில் உஷார்

வழியோடு நேரமும் கேட்டால் கவனம் தேவை. சுவாஹிலியில் நாள் சூரிய உதயத்திலிருந்து கணக்கு. காலை 7 மணிதான் 'மணி ஒன்று'. படகு 'சா ம்பிலி'க்கு, அதாவது 'மணி இரண்டுக்கு' என்று காலை நேரத்தைச் சொன்னால், அது 8 மணி. மதியம் 2 மணி என்று நினைத்து நிதானமாகப் போனால் படகு போயிருக்கும். நம்ம கடிகாரத்தில் எத்தனை மணி என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்வது நல்லது.

கடைசியாக, வழி கேட்டவர் 'அசான்டே' என்று நன்றி சொல்ல வேண்டும். வழி சொன்னவர் பதிலுக்கு 'சஃபாரி ன்ஜேமா' என்பார். சஃபாரி என்றால் காட்டுச் சுற்றுலா மட்டுமல்ல, எல்லாப் பயணமும்தான். 'நல்லபடியா போயிட்டு வாங்க' என்று வாழ்த்தி அனுப்பிய பிறகுதான் வழி சொல்லும் வேலை முடிகிறது.